முரசுமோட்டைச் செவலையும் என் தலைக்கவசமும்

வெள்ளிக்கிழமை, காலை 6.10. வவுனியா பஸ் நிலையம்.

என் மடியில், வாய் திறந்த துணிப்பையில் ஒரு தலைக்கவசம் இருந்தது. முல்லைத்தீவு பஸ்ஸின் கொண்டக்டர் ரிக்கற்றைக் கிழித்துத் தந்துகொண்டே அதை இரண்டு தடவை பார்த்தார்.

"அக்கா, மோட்டார் சைக்கிளை எங்கை விட்டிட்டு வாறியள்?"

"மோட்டார் சைக்கிள் இல்லைத் தம்பி. இது குதிரைக்கு."

அவர் தலைக்கவசத்தின் அளவை மறுபடி பார்த்தார். "குதிரைக்கு இது காணாதே அக்கா" என்றார்.

முன் சீற்றில் இருந்த இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரிக்கற் 430 ரூபா. மாங்குளம்வரை ஏ9 வீதி, பிறகு கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு. ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டு கிலோமீற்றர். விளக்கம் சொல்ல நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் அந்தக் கொண்டக்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாசகர்களுக்குத் தேவைப்படலாம்.

எனக்குச் சொந்தமாகக் குதிரை கிடையாது. வவுனியாவில் கணிதம் படிப்பிக்கிறேன், வயது நாற்பத்தாறு. முன்பு மூன்று ஆண்டுகள் நுவரெலியாவில் மாற்றலில் இருந்தபோது வாடகை வீட்டுக்காரர் ஒரு குதிரை வைத்திருந்தார். பின்னேரங்களில் அதில் ஏறப் பழகினேன். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் யாரிடம் குதிரை இருக்கிறது என்று விசாரிப்பது என் வழக்கமாகிவிட்டது. இந்தப் பயணத்துக்கு முன் பத்துக் குதிரைகளில் ஏறியிருந்தேன். பத்தும் வேறு யாருடையவோ.

பிறர் குதிரையில் ஏறுவதில் சுகம் உண்டு. வைக்கோல் வாங்கத் தேவையில்லை, சாணி அள்ளத் தேவையில்லை, அதற்கு வயிற்றுவலி வந்தால் மிருக வைத்தியரைத் தேடி ஓடத் தேவையில்லை. கஷ்டமும் உண்டு. ஒவ்வொரு குதிரையும் தன் சொந்தக்காரரின் பழக்கத்தைப் படித்து வைத்திருக்கும். நாம் புதிதாகக் குடிவந்தவர் போல, எந்தக் குழாய் ஒழுகும், எந்தக் கதவு இழுத்தால்தான் பூட்டும் என்று தெரியாமல் நிற்போம். நான் ஏறிய ஒன்று குடையைக் கண்டால் பின்பக்கமாகவே நடக்கும். இன்னொன்று ஏறும்முன் அதன் நெற்றியைத் தடவாவிட்டால் நாள் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ஏறுவதற்கு முன், இது எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும். எப்படி ஓடும் என்பதை அது தானே காட்டிவிடும்.

இந்த முறை அழைப்பு முரசுமோட்டையிலிருந்து வந்தது. அங்கே தவராசா என்றொருவர் நெல் செய்கிறார். வாலிப வயதிலிருந்து மாட்டுவண்டிச் சவாரிக்காரர். இரட்டை மாட்டு வண்டியைத் திடலில் ஓட்டிக் கப் வாங்கி, அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பவர். நாலு வருடங்களுக்கு முன், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்குதிரையை நுவரெலியாவிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விலைபேச உதவியது என் பழைய வீட்டுக்காரர். அப்படித்தான் எனக்கு அவரைத் தெரியும். குதிரையை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. முரசுமோட்டைக்கு வந்தபின் அவரைத் தவிர வேறு யாரும் அதில் ஏறியதும் இல்லை.

இப்போது அவருக்குக் குடலிறக்கம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. ஆறு மாதத்துக்குக் குதிரைப் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ரீச்சர், ஆறு மாசம் சும்மா நிண்டா குதிரை பழுதாப் போயிடும். முல்லைத்தீவிலை மரியதாஸ் எண்டு ஒருத்தர் கேக்கிறார். ஞாயிறு பின்னேரம் லொறியோடை வாறன் எண்டவர். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா ஓடிப்பாருங்கோ. வேறை ஆளை ஏத்துதெண்டா நிக்கட்டும், சனிக்கு சனி நீங்கள் வந்து ஓடுங்கோ, உங்கடை குதிரை மாதிரி. ஏத்தேல்லை எண்டா நான் என்ன செய்யிறது, போகட்டும்."

உங்கடை குதிரை மாதிரி. இந்த மூன்று சொற்களும் வியாழன் இரவு என்னைச் சரியாகத் தூங்க விடவில்லை. பிறர் குதிரையே போதும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அது முழுப் பொய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலை 9.05. முல்லைத்தீவு.

முரசுமோட்டைக்கு நேராகப் போகாமல் முல்லைத்தீவைச் சுற்றிப் போனதற்குக் காரணம், செவலை போகக்கூடிய இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. செவலை என்பது அந்தக் குதிரையின் பெயர். செம்மண் நிற மாட்டுக்கு வைக்கும் பெயரைத்தான் தவராசா அண்ணை குதிரைக்கும் வைத்திருந்தார்.

பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். மீன் பெட்டிகள் போய்விட்டன, காகங்கள் மட்டும் நின்றன. சோளகக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்ததால் கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. மரியதாஸ் தன் படகின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, காதில் ஒரு பீடி. பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை, கட்டாமலே நின்றது.

நான் யார், ஏன் வந்தேன் என்று சொன்னேன். "இவன் ராசா" என்றார் மரியதாஸ். "சனி ஞாயிறிலை பிள்ளையளை ஏத்தி ஓடுவன். கடலுக்குப் போக ஏலாத நாளையிலை இவன்தான் எங்களுக்குச் சோறு போடுறவன். ஏறிப் பாருங்கோவன்."

என் சட்டப்படி கேட்டேன். "இது எப்பிடி நிக்கும்?"

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். அவனுக்குத் தெரியும்."

ஏறினேன். என் பதினோராவது குதிரை. ராசா ஈரமணலில் சீராக நடந்தான். நூறு மீற்றர் தள்ளி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு நீலப் படகு. அதை அடைந்ததும் நின்றான், பெருமூச்சு விட்டான், திரும்பினான். நான் குதிகாலால் மெல்லத் தட்டினேன். கடிவாள வாரைக் கடல் பக்கம் இழுத்தேன். கெஞ்சினேன். ராசா ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து மரியதாஸின் முன்னால் போய் நின்றான்.

"நீலப் படகு மட்டுந்தான்" என்றார் மரியதாஸ். "அங்காலை போறதெண்டால் நான் முன்னாலை நடக்கவேணும். ஏழு வருசமா அவ்வளவுதான் ஓடுறவன். இனிச் சொல்லிப் பிரியோசனம் இல்லை."

பிறகு அவர் ராசாவைக் கடலுக்குள் வயிறு நனையும்வரை கூட்டிக்கொண்டு போய்க் கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினார். அன்பான மனிதர். குதிரைக்கும் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் பந்தயத்தில் ஓடிய ஒரு குதிரை மிச்ச ஆயுளுக்கும் படகுக்கும் படகுக்கும் இடையில் நடப்பதை நினைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடமே சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "ஏற ஆள் இருந்தா அங்கையே நிக்கட்டும் ரீச்சர். சும்மா கட்டி வைச்சுச் சாக விடாமல் இருந்தால் காணும்" என்றார்.

பகல் 1.40. முல்லைத்தீவிலிருந்து முரசுமோட்டைக்கு.

பரந்தன் பஸ். நாற்பத்தேழு கிலோமீற்றர், 230 ரூபா. புதுக்குடியிருப்புவரை நின்றுகொண்டும், பிறகு ஒரு மீன் வியாபாரியின் வெற்றுப் பெட்டிமேல் இருந்துகொண்டும் வந்தேன். விசுவமடு தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிப் பச்சை வந்தது. இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாய்க்கால்கள் நிறைந்து ஓடின, நெல் முழங்கால் உயரம் நின்றது. வவுனியாவில் குடத்தோடு குழாயடியில் நிற்கிற எனக்கு, இவ்வளவு தண்ணீர் கேட்பாரின்றி ஓடுவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பிரதான வீதியிலிருந்து வாய்க்கால் கட்டு வழியே ஏழு நிமிடம் நடக்க வேண்டும். தவராசா அண்ணையின் மனைவி புவனா அக்கா படலையில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உயரமான பெண். பாட்டன் காலத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகன் கனடாவில். வீட்டில் இப்போது அவரும் குதிரையும்தான்.

"வாங்கோ ரீச்சர். என்ரை சக்களத்தியைப் பாக்க வந்தனீங்களோ?"

செவலை வேப்பமரத்தடியில் நின்றது. உண்மையாகவே செம்மண் நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைத் துளி. கால்கள் நீளம், வயிறு ஒட்டி இருந்தது. நான் கிட்டப் போனேன். அது என்னைத் தாண்டிப் புவனா அக்காவைப் பார்த்தது.

"பாரன் அதின்ரை பார்வையை" என்றார் அக்கா. "விடியக்காலமை நாலு மணிக்கே கத்தும். மனிசனுக்குத் தேத்தண்ணி வைக்க முதல் இதுக்குத் தவிடு வைக்கவேணும். திண்டிட்டு வாளியை உதைக்கும். எருமை. நாலு வருசம் இது படுத்தின பாடு கொஞ்சமில்லை. போய்த் துலையட்டும்."

அந்தப் பேச்சை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு வழக்கை ஆராய வந்த நீதவான் போல என் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்: மனைவி, குதிரைக்கு எதிர். இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணைக்குத் துணையாக நின்ற அவரது மைத்துனர் போன் எடுத்து, சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, அண்ணை மயக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே போய்க் குதிரையிடம் எதையோ நீளமாகச் சொல்லிவிட்டு வந்தார். திட்டுகிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, காலை 6.20.

குதிரையோடு வந்த பழைய சேணம் நல்ல நிலையில் இருந்தது. கடிவாளமும் இருந்தது. ஆனால் அதில் தோல் வார் இல்லை. அதற்குப் பதிலாகச் சவாரி மாட்டுக்குக் கட்டும் வெள்ளை நைலோன் கயிறு, கையில் வழுக்காமல் இருக்க முடிச்சு முடிச்சாக. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கு எனக்குத் தண்டனை காத்திருந்தது.

புவனா அக்கா குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது நான் என் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பத்துச் சொந்தக்காரரிடம் கேட்டேன், நேற்று மரியதாஸிடமும் கேட்டேன். இங்கே கேட்கவில்லை. அண்ணை மயக்கத்தில் இருக்கிறார், இந்த அக்கா ஒரு நாளும் ஏறியதில்லை, இவருக்கு என்ன தெரியும் என்று எண்ணினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. குதிரையின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நிற்க, கேட்க ஆள் இல்லை என்று நினைத்தவள் நான். நானும் ஒரு பெண்.

"விடட்டோ ரீச்சர்?"

"விடுங்கோ."

வாய்க்கால் கட்டு நேர்கோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், எழுநூறு மீற்றர் தள்ளிப் பிரதான வீதி. முதல் ஐம்பது அடி செவலை அழகாக நடந்தது. நடை எனக்குச் சற்று வேகமாகப் பட்டது. நுவரெலியாவில் படித்தபடி கயிற்றை மெல்ல இறுக்கினேன்.

செவலையின் காது இரண்டும் முன்னால் போயின. அதன் முதுகு எனக்குக் கீழே குறுகியது. பிறகு அது ஓடியது.

நான் இன்னும் இறுக்கினேன். அது இன்னும் ஓடியது. நான் உடம்பைப் பின்னால் சாய்த்து என் முழுப் பாரத்தையும் கயிற்றில் போட்டேன். அது அந்தப் பாரத்தையே பிடித்துக்கொண்டு பறந்தது. வாய்க்கால் ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது. தலைக்கவசத்துக்குள் காற்று இரைந்தது. எதிரே பிரதான வீதியில் ஒரு மணல் லொறி இடமிருந்து வலமாகப் போவதைக் கண்டேன். அடுத்த லொறியும் வரும். எனக்கு உண்மையாகவே சாவுப் பயம் வந்தது.

அப்போது பின்னாலிருந்து, நாலு வயலுக்கு அப்பால் நிற்பவரைக் கூப்பிடுகிற குரலில் புவனா அக்கா கத்துவது கேட்டது.

"கயிறை விடுங்கோ ரீச்சர்! இறுக்காதேங்கோ! விடுங்கோ!"

ஓடுகிற குதிரையின் கயிற்றை விடுவதா? நான் படித்த அத்தனைக்கும் அது எதிர். ஆனால் படித்ததெல்லாம் அந்த நேரம் உதவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைத் திறந்தேன்.

செவலை முதலில் அதை நம்பவில்லை. பிறகு பாய்ச்சல் ஓட்டமானது, ஓட்டம் நடையானது. வீதிக்கு நூறு மீற்றர் இருக்கும்போது முழுதாக நின்று, கட்டோரப் புல்லைத் தின்னத் தலையைக் குனிந்தது. நான் அதன் கழுத்து வழியாகச் சறுக்கி, யாரோ ஒருவருடைய வயலுக்குள், நெல்லுக்கு நடுவே நல்ல சேற்றில், இருந்த வாக்கில் இறங்கினேன்.

புவனா அக்கா ஓடி வந்தார். வந்ததும் முதலில் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"எலும்பு கிலும்பு முறிஞ்சுதோ?"

"இல்லை."

"சவாரியிலை எப்பிடி மாடு விடுறவங்கள் எண்டு பாத்திருக்கிறியளோ?" என்று கேட்டபடியே கை கொடுத்துத் தூக்கினார். "கோட்டிலை ரெண்டு மாட்டையும் ஆக்கள் முன்னாலை பிடிச்சுக்கொண்டு நிப்பினம். ஆசனத்திலை இருக்கிறவர் கயிறை இறுக்குவார். இறுக்கினா மாட்டுக்குத் தெரியும், இனி ஓட்டம் எண்டு. முடிஞ்சாப் பிறகு இளக்கி விடுவார், நிக்கும். இந்த மனிசனுக்கு அது ஒண்டுதானே தெரியும். குதிரையையும் அப்பிடித்தான் பழக்கினவர். இதுவும் வந்த நாளிலை இருந்து இறுக்கினா ஓடுற சாதிதான். ரெண்டுபேருக்கும் நல்லாப் பொருந்திப் போச்சு."

பந்தயக் குதிரைகள் வாரை இறுக்கினால் அதில் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடும் என்று நுவரெலியாவில் காதால் கேட்டிருக்கிறேன். இதுவரை இடுப்பால் கேட்டதில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் அக்கா?"

"முப்பது வருசமா மாட்டை முன்னாலை பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? வீட்டிலை பழக்கேக்கை நான்தானே பிடிக்கிறனான். திடலிலை மட்டுந்தான் ஆம்பிளையள் பிடிப்பினம்."

சனிக்கிழமை, மாலை 4.30.

இடுப்பில் எண்ணெய் பூசிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்து பகல் முழுவதும் ஒரு கணக்குப் போட்டேன். அண்ணை கேட்டது, வேறு ஆளை ஏற்றுமா என்பது. ஏற்றியதே! அறுநூறு மீற்றர் ஏற்றியது. "ஏத்துது" என்று நான் சொன்னால் அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. சனிக்கு சனி வரலாம். இரகசியமும் இப்போது தெரிந்துவிட்டது, கயிற்றை இளக்கிப் பிடித்தால் சரி. கணிதம் படிப்பிக்கிறவர்கள் ஒரு விடையை முதலே தீர்மானித்துவிட்டால் வழியையும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஏறினேன். கயிறு தொங்கத் தொங்கப் பிடித்தேன். குதிகாலால் தட்டினேன். செவலை நகரவில்லை. நாக்கால் சத்தம் கொடுத்தேன். நகரவில்லை. தலையைத் திருப்பி வீட்டுப் பக்கம் பார்த்தது. குசினியிலிருந்து புவனா அக்கா வாளியோடு வெளியே வந்தார். அவ்வளவுதான். அவர் வாய்க்காலை நோக்கி நடக்க, செவலையும் பின்னாலேயே நடந்தது. நான் மேலே இருந்தேன், பஸ்ஸில் பயணி இருப்பதுபோல. அக்கா நின்றால் அது நின்றது. அக்கா திரும்பினால் அது திரும்பியது. ராசாவுக்கு நீலப் படகு, இதற்குப் புவனா அக்கா.

மதகடியில் இறங்கிக்கொண்டேன். அக்கா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அதைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். வாய் ஓயவில்லை. "எருமை. காலைத் தூக்கு. இஞ்சை பார், எவ்வளவு சேறு. ரீச்சரை விழுத்திப்போட்டு நிக்கிறாய், வெக்கமில்லையோ? நாளைக்குக் கடற்கரைக்குப் போவாய், அங்கை உனக்கு ஆர் தவிடு தாறது?" குதிரை தன் மூக்கை அவருடைய கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றது.

நேற்று இரவு அவர் குதிரையைத் திட்டவில்லை என்று அப்போது விளங்கியது. அண்ணைக்குச் சுகமாக முடிந்துவிட்டது என்று அதற்குச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நீங்கள் ஒரு நாளும் இதிலை ஏறிப் பாக்க நினைக்கேல்லையோ?"

அவர் நிமிர்ந்து, என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"ஆர் கேட்டது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50.

மரியதாஸின் லொறி வர இன்னும் பத்து மணித்தியாலம் இருந்தது. புவனா அக்கா சட்டைக்குக் கீழே மகனுடைய பழைய நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று கட்டின் இரு பக்கமும் பார்த்தார். ஒரு கொக்கைத் தவிர ஒருவரும் இல்லை. என் தலைக்கவசத்தை அவருக்குப் போட்டுவிட்டேன். கொண்டையால் அது சற்று மேலே நின்றது. அவிழ்த்துப் பின்னிவிட்டுத் திரும்பப் போட்டோம்.

மதகின்மேல் நின்று ஏறினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விழுந்தால் அண்ணையின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம்.

ஏறியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. நாலு வருடமாகக் கீழிருந்து பார்த்த குதிரையை முதல் தடவை மேலிருந்து பார்க்கிறார். செவலையும் அசையாமல் நின்றது. காதை மட்டும் பின்னால் திருப்பி, எதையோ எதிர்பார்த்து நின்றது.

"ஏதாவது சொல்லுங்கோ அக்கா. நீங்கள் வழக்கமாச் சொல்லுறதைச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது?" என்றவர் தொண்டையைச் செருமினார். "எருமை. நடவன்."

செவலை நடந்தது.

நான் தலையை விட்டேன். பக்கத்தில் நடந்தேன், பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனேன், பிறகு நின்றுவிட்டேன். கயிறு குதிரையின் கழுத்தில் வளைந்து கிடந்தது. அக்கா அதைத் தொடவே இல்லை. திட்டிக்கொண்டே போனார். தவிட்டைப் பற்றி, உதைத்த வாளியைப் பற்றி, கனடாவிலிருந்து போன் எடுக்காத மகனைப் பற்றிக்கூட. திட்டு வேகமானால் நடை வேகமானது. மூச்சு வாங்க அவர் நிறுத்தினால் அது நின்றது. அண்ணையோ நானோ படிப்பித்துக் கொடுக்காத ஒரு பாடத்தை அக்காவும் குதிரையும் நாலு வருடமாகப் படித்து வைத்திருக்கிறார்கள். பிரதான வீதிவரை போய்த் திரும்பி வரும்போது மெல்லிய ஓட்டத்தில் வந்தார்கள். தலைக்கவசத்துக்குள் அக்காவின் முகம் சிவந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையின் முகம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தன. ஒளித்துப் பயனில்லை.

காலை 10.30.

தவராசா அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் எடுத்தார். குரல் மெலிந்திருந்தது.

"ரீச்சர், ஏத்திச்சுதோ?"

என்னிடம் இரண்டு விடையும் தயாராக இருந்தன. முற்றத்தில் புவனா அக்கா ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"என்னை ஏத்தேல்லை அண்ணை. விழுத்திப்போட்டுது."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "நினைச்சனான். சரி, அப்ப மரியதாஸ்..."

"வேறை ஒராளை ஏத்துது."

"ஆரை?"

"உங்கடை மனிசியை."

தாதி ஒருவர் பக்கத்துக் கட்டில்காரரோடு கதைப்பது மட்டும் கேட்டது. அண்ணை கோபத்தில் இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சவாரிக்காரருக்கே உரிய ஒரு கேள்வி வந்தது.

"கயிறை எப்பிடிப் பிடிச்சவா?"

"பிடிக்கவே இல்லை அண்ணை."

"என்னாலை ஒரு நாளும் அப்பிடி ஓட ஏலாமப் போச்சு" என்றார். பிறகு, "ஒருக்கா அவவிட்டைக் குடுங்கோ."

அக்கா ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். "ஓம்... ஓம்... இல்லை, விழேல்லை... மகன்ரை காற்சட்டை... ஓம், ரோட்டு வரைக்கும்... நீங்கள் முதல் மாத்திரையைப் போடுங்கோ, பேந்து கதைப்பம்." போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மரியதாஸுக்கு நான்தான் போன் எடுத்து லொறி வேண்டாம் என்று சொன்னேன். "நல்லது ரீச்சர். ராசா தனிக்காட்டு ராசாவாவே இருக்கட்டும்" என்றார்.

மாலை 3.15. திரும்பும் பயணம்.

முரசுமோட்டையிலிருந்து பரந்தன் ஐந்து கிலோமீற்றர். அங்கிருந்து யாழ்ப்பாணம்–வவுனியா பஸ். புறப்படும்போது தலைக்கவசத்தைத் தேடினேன். அது குதிரைக் கொட்டிலின் ஆணியில், தவிட்டு வாளிக்கு மேலே தொங்கியது.

"அது இஞ்சை கிடக்கட்டும் ரீச்சர்" என்றார் புவனா அக்கா. "நீங்கள் வரேக்கை போடலாம்தானே. அடுத்த சனி வாங்கோ. ஆனா முதல் எனக்குப் போன் எடுத்துக் கேட்டிட்டு வாங்கோ. விடியப்புறம் நான் ஓடுற நேரம்."

சரி என்று சொன்னேன். பன்னிரண்டாவது குதிரையும் இன்னொருவருடையதுதான். ஆனால் இனி அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஆள் தவராசா அண்ணை இல்லை. இனிக் கேட்க வேண்டியது ஒரு குதிரைக்காரியிடம்; அப்படி ஒருத்தி தனக்குள் இருப்பது வெள்ளிக்கிழமை படலையில் என்னை வரவேற்றபோது புவனா அக்காவுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. வவுனியாவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வெறுங்காணி இருக்கிறது. போகும்போது அதில் ஒரு கொட்டில் போடுவதுபற்றி நினைத்திருந்தேன். வரும்போது அங்கே கத்தரி நடலாம் என்று தோன்றியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடுப்பு இன்னும் நொந்தது. என் மடியில், போன வழியில் தலைக்கவசம் இருந்த அதே துணிப்பையில், புவனா அக்கா தந்துவிட்ட பூசணிக்காய் இருந்தது. ஏறக்குறைய அதே அளவு. கொண்டக்டர் பையைப் பார்த்தார், ரிக்கற்றைக் கிழித்தார், ஒன்றும் கேட்காமல் அடுத்த சீற்றுக்குப் போனார்.